மின்சாரக் காருக்கு மாறுவதா, எப்போது மாறுவது: வீட்டு மீட்டரிலிருந்து தொடங்கும் ஒரு கணக்கு

மின்சாரக் கார் வாங்கலாமா என்று யோசிப்பவர்களில் பெரும்பாலோர், ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். என் கணிப்பில் அது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வர வேண்டிய கேள்வி. கார் இரவில் எங்கே நிற்கிறது, அந்த இடத்துக்கு உங்கள் பெயரிலுள்ள மீட்டரிலிருந்து கம்பி இழுக்க முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. இதற்கு விடை கிடைத்த பிறகு மாதத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்பதையும், ஆண்டில் எத்தனை முறை வெளியூர் போகிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இந்த மூன்றுக்கும் விடை எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போகிறவரை எந்த விற்பனையாளரும் எளிதில் திசைதிருப்ப முடியாது. தமிழ்நாட்டின் மின்கட்டணம், சாலை வரி, சாலைகள் ஆகியவற்றை வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் முறையை வைத்துக்கொண்டு எண்களை மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் இரண்டு மாதக் குறிப்பு

நாம் எவ்வளவு ஓட்டுகிறோம் என்பதில் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் கணக்கு பெரும்பாலும் தவறாகவே இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை பெட்ரோல் போடுகிறவர் தாம் நிறைய ஓட்டுவதாக நினைப்பார்; ஓடோமீட்டரைப் பார்த்தால் மாதம் 600 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். ஆகவே மின்வாரியம் கணக்கெடுக்கும் அதே இரண்டு மாதக் காலத்துக்கு ஓடோமீட்டர் எண்ணைத் தொடக்கத்திலும் முடிவிலும் குறித்து வையுங்கள். அதே காலத்தில் பெட்ரோலுக்குச் செலவழித்த தொகையைக் கைப்பேசிப் பணப்பரிமாற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். நெடும்பயணங்களுக்கு நினைவை நம்ப வேண்டியதில்லை, ஃபாஸ்டேக் கணக்கே சாட்சி சொல்லும். கடந்த ஓராண்டின் பட்டியலை இறக்கிப் பார்த்தால், எந்தெந்தத் தேதியில் எந்தச் சுங்கச்சாவடியைக் கடந்தீர்கள் என்பதும், 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் ஆண்டில் எத்தனை முறை வந்தது என்பதும் தெரிந்துவிடும். அடிக்கடி ஊருக்குப் போவதாகச் சொல்லும் பல குடும்பங்களின் பட்டியலில் பொங்கல், தீபாவளி, கோடை விடுமுறை, ஒரு குலதெய்வ வழிபாடு, இரண்டு திருமணங்கள் என்று ஆறேழு பயணங்களுக்கு மேல் இருப்பதில்லை.

இதே வேளையில் கடந்த ஆறு மின்கட்டணப் பட்டியல்களையும் எடுத்து வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் குளிர்சாதனம் ஓடும்போது யூனிட் எவ்வளவு ஏறுகிறது என்பது பின்னால் தேவைப்படும்.

நிறுத்துமிடமும் மின் இணைப்பும்

தனி வீட்டில், கூரைக்கடியில் கார் நிற்கிறது என்றால் வேலை எளிது. பெரும்பாலான மின்சாரக் கார்களுடன் வரும் எடுத்துச்செல்லக்கூடிய சார்ஜர், குளிர்சாதனத்துக்குப் போடும் அதே பதினைந்து ஆம்பியர் பிளக்கில் ஓடும். மணிக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் இழுக்கும். இது மெதுவானது என்று சொல்லி 7.2 கிலோவாட் சுவர்ச் சார்ஜரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஆனால் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குத் தேவை ஆறு யூனிட்தான், அதற்கு அந்த மெதுவான சார்ஜரே இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். கார் வீட்டில் நிற்பதோ பத்து மணி நேரம். ஐம்பது யூனிட்டை, அதாவது ஐம்பது கிலோவாட் மணியை, ஒட்டிய பெரிய பேட்டரி வாங்குகிறவர்களும், வெளியூரிலிருந்து இரவு திரும்பி மறுநாள் காலையிலேயே மீண்டும் கிளம்பும் தொழிலில் இருப்பவர்களும் சுவர்ச் சார்ஜரை எண்ணலாம். மற்றவர்கள் ஆறு மாதம் சாதாரண பிளக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

தமிழ்நாட்டில் 4 கிலோவாட் வரைக்கும் ஒருமுனை இணைப்பும் அதற்கு மேல் மும்முனை இணைப்பும் வழங்கப்படுகின்றன. ஒருமுனை இணைப்புள்ள வீட்டில் கார் சார்ஜரும் குளிர்சாதனமும் வெந்நீர்க் கொதிகலனும் ஒரே நேரத்தில் ஓடினால் பிரேக்கர் விழும். அதைவிட மோசமாக, விழாமல் கம்பி சூடாகிக்கொண்டே இருக்கும். எனவே உங்கள் மின் அட்டையில் எழுதியுள்ள அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பார்த்து, போதவில்லை என்றால் லோடை உயர்த்தவோ மும்முனைக்கு மாற்றவோ கார் பதிவு செய்வதற்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது. கார் வந்து நின்ற பிறகு ஈபி அலுவலகத்துக்கு அலைவதில் ஒரு சுகமும் இல்லை. மும்முனை இருந்தாலும், 7.2 கிலோவாட் சார்ஜர்கள் ஒரே முனையிலிருந்துதான் 32 ஆம்பியர் இழுக்கும் என்பதால், எந்த முனையில் ஏற்கெனவே பளு குறைவு என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்து அதில் கொடுக்க வேண்டும்.

கம்பியிலும் எர்த்திலும் சிக்கனம் பார்க்காதீர்கள். மீட்டர் பெட்டியிலிருந்து கார் நிற்குமிடம் வரைக்கும் வேறெதற்கும் கிளை பிரியாத தனிக் கம்பி போக வேண்டும். பதினைந்து ஆம்பியர் பிளக்குக்கு 4 சதுர மில்லிமீட்டர், சுவர்ச் சார்ஜருக்குக் குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் தனி எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி. நமது பழைய வீடுகளில் எர்த் என்பது பல நேரங்களில் பெயரளவுக்குத்தான் இருக்கிறது. கொல்லையில் எப்போதோ புதைத்த குழாய் துருப்பிடித்துப் போயிருக்கும், யாரும் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். டிவிக்கும் மிக்ஸிக்கும் இது வெளியே தெரிவதில்லை. கார் சார்ஜரோ எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்த்து, இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் புதிய எர்த் குழி போடச் சொல்லுங்கள். இந்த வேலைகளுக்கெல்லாம் சேர்த்துப் பதினைந்து இருபதாயிரம் ரூபாயைக் காரின் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் சிக்கல் மின்சாரத்தைவிட மனிதர்களைச் சார்ந்தது. உங்கள் மீட்டர் தரைத்தளத்தில் இருந்து, அங்கிருந்து உங்கள் நிறுத்துமிடத்துக்குப் பொதுச்சுவர் வழியாகக் குழாய் பதிக்கச் சங்கம் இசைந்தால் அதுவே சிறந்த வழி; மின்சாரம் உங்கள் வீட்டுக் கணக்கிலேயே ஏறும். சங்கத்தின் பொது மீட்டரிலிருந்து எடுத்தால் கட்டண விகிதம் வேறு, இலவச யூனிட்டும் கிடையாது, உள்மீட்டர் பார்த்து மாதாமாதம் கணக்குத் தீர்க்க ஓர் ஆளும் வேண்டும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு திருத்திய மின்நுகர்வோர் உரிமை விதிகள், மின்வாகனம் சார்ஜ் செய்வதற்கென்று தனி இணைப்பு கேட்டுப் பெறும் வாய்ப்பை நுகர்வோருக்குத் தந்திருக்கின்றன. அப்படிப் பெறும்போது எந்தக் கட்டணப் பிரிவில் போடுவார்கள் என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சங்கத்திடம் வாய்மொழி இசைவைப் பெற்றுக்கொண்டு கார் வாங்காதீர்கள். அடுத்த ஆண்டு நிர்வாகக்குழு மாறும்போது, போன தலைவர் தலையாட்டியது எதற்கும் உதவாது.

காரைத் தெருவில் நிறுத்துகிறவர்களுக்கு என் பதில் வெளிப்படையானது: இப்போதைக்கு வேண்டாம். பொது வேகச் சார்ஜர்களில் யூனிட் இருபது ரூபாயை ஒட்டியும் அதற்கு மேலும் வசூலிக்கிறார்கள். கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வரை ஆகிவிடும்; வாரம் ஒருமுறையோ இருமுறையோ ஒரு மணி நேரம் அங்கே போய் உட்காரவும் வேண்டும். அந்தச் செலவுக்கு எரிவாயுக் காரே ஏறக்குறைய ஈடு கொடுக்கும். அலுவலக வளாகத்தில் நிலையான சார்ஜர் வசதி இருப்பவர்கள் மட்டும் விதிவிலக்கு.

ரூபாய்க் கணக்கு

ஒரு குடும்பம் இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் செலவழிக்கிறது என்று கொள்வோம். முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த நூறு சலுகை விலையில். 400 வரைக்கும் யூனிட் ஐந்து ரூபாய்க்குச் சற்றுக் கீழே. கட்டணம் ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். இப்போது மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு சிறிய மின்சாரக் கார் வருகிறது. சார்ஜ் ஏறும்போது வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்து நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்று வைத்தால், இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் கூடுகிறது. மொத்தம் 650. அந்தக் கூடுதல் 300 யூனிட்டும் சலுகைப் படிகளைத் தாண்டி மேல்படிகளில் போய் உட்காருவதுதான் கவனிக்க வேண்டியது: 400 முதல் 500 வரை ஆறு ரூபாய்க்குச் சற்று மேல், 600 வரை எட்டரை ரூபாய் அளவில், அதற்கு மேல் ஒன்பதரை ரூபாய் அளவில். போதாக்குறைக்கு, 500 யூனிட் என்ற கோட்டைத் தாண்டினால் இரண்டாவது நூறுக்கான கூடுதல் சலுகையும் போய்விடும். எல்லாவற்றையும் கூட்டினால் கட்டணம் ஏறத்தாழ 2,400 ரூபாய் உயரும். 2,000 கிலோமீட்டருக்கு 2,400 என்றால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் இருபது காசு.

விளம்பரங்களில் வரும் அறுபது காசு, எழுபது காசு என்ற எண்கள் இந்தப் படிக்கட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு குளிர்சாதனங்கள் ஓடி ஏற்கெனவே 900 யூனிட்டைத் தொட்ட வீட்டில், காருக்கான மின்சாரத்தின் பெரும்பகுதி 1,000 யூனிட்டுக்கு மேற்பட்ட, பதினொன்றரை ரூபாயை ஒட்டிய படியில் விழும். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் எழுபது காசு ஆகும். அப்படியிருந்தும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் இது கால்பங்குதான். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பெட்ரோலில், ஊருக்குள் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் கிலோமீட்டருக்கு ஆறே முக்கால் ரூபாயை விழுங்குகிறது. ஆக, நமது எடுத்துக்காட்டுக் குடும்பத்துக்குக் கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய், ஆண்டுக்கு 66,000 ரூபாய் மிச்சம்.

மிச்சத்தை எதற்கு எதிராக நிறுத்துவது? இரண்டு கார்களின் விலை வேறுபாட்டுக்கு எதிராக. அந்த வேறுபாட்டை ஷோரூம் விலையில் பார்க்காமல், பதிவு முடிந்து கைக்கு வரும் விலையில் பார்க்க வேண்டும். மின்சாரக் கார்களுக்கு 2019 ஆகஸ்ட் முதல் ஜிஎஸ்டி 5 விழுக்காடு. சிறிய பெட்ரோல் கார்களுக்கு இருந்த 28 விழுக்காடும் அதன் மேல் வரியும் போய், 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்ததால், இரண்டு கார்களுக்குமான விலை இடைவெளி முன்பைவிட விரிந்திருக்கிறது. அதற்கு முந்தைய ஒப்பீடுகளைப் படித்து முடிவெடுக்காதீர்கள். சாலை வரியிலோ நிலைமை நேர்மாறானது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, ஐந்து முதல் பத்து லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 விழுக்காடு, பத்து முதல் இருபது லட்சத்துக்கு 18 விழுக்காடு, அதற்கு மேல் 20 விழுக்காடு. மின்சாரக் கார்களுக்கோ மாநில அரசு முழு விலக்கு அளித்து, அதைத் தவணை தவணையாக நீட்டித்து வந்திருக்கிறது.

ஒன்பதரை லட்சம் ரூபாய் பெட்ரோல் காரையும், அதே அளவுள்ள பன்னிரண்டரை லட்சம் ரூபாய் மின்சாரக் காரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஷோரூமில் வேறுபாடு மூன்று லட்சம். பெட்ரோல் காருக்கு 1,23,500 ரூபாய் சாலை வரி கட்டியபின் அது ஒன்றே முக்கால் லட்சமாகச் சுருங்குகிறது. கம்பிச்செலவும், காப்பீட்டில் கூடும் தொகையும் சேர்த்து இரண்டு லட்சம் என்று வைத்தால், ஆண்டுக்கு 66,000 மிச்சம் பிடிக்கும் குடும்பம் மூன்றே ஆண்டில் அதை மீட்டுவிடும். சாலை வரி விலக்கு இல்லாத நாளில் பதிவு செய்தால் இதே மின்சாரக் கார் 2,25,000 ரூபாய் வரி கட்ட வேண்டிவரும். வேறுபாடு நான்கு லட்சத்தைத் தாண்டி, மீட்கும் காலம் ஆறு ஆண்டுக்கு மேல் போகும். ஆகவே, உங்கள் பதிவுத் தேதியன்று விலக்கு நடைமுறையில் இருக்கிறதா என்பதை விற்பனையாளரின் வாய்ச்சொல்லில் விடாமல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முன்பணம் கட்டிய தேதியால் பயனில்லை, பதிவுத் தேதியே கணக்கில் வரும்.

மாதம் 400 கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் குடும்பத்துக்கு இதே கணக்கு வேறு முகம் காட்டும். மின்செலவு கிலோமீட்டருக்கு எண்பத்தைந்து காசாகக் குறைந்தாலும், ஆண்டு மிச்சம் 28,000 ரூபாய்தான். கூடுதல் இரண்டு லட்சத்தையும் ஒன்பது விழுக்காட்டு வட்டிக்குக் கடனாக வாங்கியிருந்தால், முதல் ஆண்டு வட்டியே 18,000. என் பார்வையில், மாதம் 800 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓட்டுகிறவர் பணத்தை மிச்சம் பிடிக்கவென்று மின்சாரக் கார் வாங்கக் கூடாது. சத்தமில்லாத ஓட்டம், கியர் மாற்றாத வசதி, புகையற்ற தன்மை ஆகியவற்றுக்காக வாங்கலாம். அது நியாயமான ஆசை, ஆனால் அதைச் சேமிப்பு என்று பெயரிட்டு வீட்டில் விற்க வேண்டியதில்லை.

கூடவே இன்னொன்று. கார் 400 கிலோமீட்டர் ஓடும் பல வீடுகளில் ஸ்கூட்டர் 700 கிலோமீட்டர் ஓடுகிறது. பள்ளி, சந்தை, வங்கி, கோயில் எல்லாம் அதில்தான். அப்படிப்பட்ட வீட்டில் முதலில் மின்சாரத்துக்கு மாற வேண்டியது ஸ்கூட்டர். காரின் விலையில் சிறு பங்கில், அந்த வீட்டின் மின் இணைப்பும் பழக்கமும் இதற்கு ஒத்துவருமா என்பதற்கு ஓர் ஒத்திகையும் கிடைத்துவிடும்.

சலுகைப் பேச்சில் இரண்டு பழைய கணக்குகள் இன்னும் உலவுகின்றன. மின்வாகனக் கடன் வட்டியில் ஒன்றரை லட்சம் வரை வருமானவரிக் கழிவு தரும் 80ஈஈபி பிரிவு, 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் 31 வரை ஒப்புதலான கடன்களுக்கு மட்டுமே உரியது. புதிய கடனுக்கு அது கிடையாது. 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்தின் மானியமும் இருசக்கர, மூன்று சக்கர வாகனங்கள், பேருந்து, லாரி, ஆம்புலன்ஸ் ஆகியவற்றுக்குத்தான் அறிவிக்கப்பட்டது, சொந்தக் காருக்கு இல்லை.

பேட்டரியை வாடகைக்கு எடுத்துக் காரை மட்டும் விலைக்கு வாங்கும் திட்டமும் இப்போது உண்டு. 2024இல் எம்ஜி விண்ட்சர் மின்சாரக் கார் வந்தபோது கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வாடகை என்று அறிவித்தார்கள். அதோடு வீட்டு மின்சாரம் ஒன்றே கால் ரூபாயைக் கூட்டினால் நாலே முக்கால் ரூபாய். பெட்ரோலோடு உள்ள வேறுபாடு இரண்டு ரூபாயாக மெலிந்துவிடுகிறது. முன்பணம் திரட்ட முடியாதவருக்கு இது ஒரு கதவு. நிறைய ஓட்டுகிறவருக்கு இது நட்டம்.

வெளியூர்ப் பயணம்

அரசுச் சோதனை முறையில் சான்றளிக்கப்படும் தூரம் ஆய்வகத்து எண். நடைமுறையில் அதில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் பங்கு வரைக்கும் எதிர்பார்க்கலாம். டாடா நிறுவனமே தன் கார்களுக்கு, வாடிக்கையாளரில் 75 விழுக்காட்டினர் எட்டக்கூடிய தூரம் என்று சி75 என்ற தனி எண்ணை இப்போது வெளியிடுகிறது. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே வேறுபாடு விளங்கும். நான்குவழிச் சாலையில் இன்னும் குறையும், ஏனெனில் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுகிறது. பெட்ரோல் காருக்கு நெடுஞ்சாலை நல்லது, ஊருக்குள் ஓட்டம் கெட்டது. மின்சாரக் காருக்கு இது தலைகீழ். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கும் 110இல் போகிறவருக்கும் ஒரே பேட்டரி தரும் தூரம் கண்கூடாக வேறுபடும்.

சென்னையிலிருந்து திருச்சி ஏறத்தாழ 330 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் 270 கிலோமீட்டர் தரும் கார், நூறு விழுக்காட்டில் கிளம்பி பதினைந்து விழுக்காடு மீதம் வைத்தால் 230 கிலோமீட்டர் ஓடும். உளுந்தூர்பேட்டையை ஒட்டி உணவுக்கு நிற்கும்போது முக்கால் மணி நேரம் சார்ஜ் ஏற்றினால் போதும், எப்படியும் அங்கே நிற்பவர்கள்தாம் நாம். 24 யூனிட் பேட்டரியுள்ள சிறிய காரில் இதே பயணத்துக்கு இரண்டு முறை நிற்க வேண்டும், நெல்லை வரைக்கும் போகிறவருக்கு அது ஒரு நாள் வேலை. பேட்டரி எண்பது விழுக்காட்டைத் தொட்டபின் மெதுவாகத்தான் ஏறும் என்பதால், நடுவழியில் நூறு வரை காத்திருப்பது உங்களுக்கும் நேர விரயம், பின்னால் நிற்பவருக்கும் எரிச்சல்.

கார் வாங்கும் முன், உங்கள் சொந்த ஊர்ச் சாலையில் உள்ள சார்ஜர்களை ஒருநாள் உட்கார்ந்து கைப்பேசியில் தேடிப் பாருங்கள். வரைபடத்தில் இருப்பதெல்லாம் வேலை செய்வதில்லை. கடந்த ஒரு மாதத்தில் யாராவது அங்கே சார்ஜ் ஏற்றியதாக எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும், வேறு நிறுவனத்தைச் சேர்ந்த மாற்று ஒன்று முப்பது கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்தச் செயலிகளில் முன்கூட்டியே கணக்குத் தொடங்கிச் சிறு தொகையும் போட்டு வையுங்கள். நடுநெடுஞ்சாலையில் சிக்னல் இல்லாமல் ஓடிபிக்குக் காத்திருப்பது பலருக்கும் நேர்ந்த அனுபவம். பொங்கலுக்கு முந்தைய நாள் எல்லாக் கணக்கையும் இரண்டு மணி நேரம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும்போது பேட்டரி வேகமாக இறங்குவதைக் கண்டு பதற வேண்டாம், இறங்கும்போது ஒரு பகுதி திரும்பி வரும். ஆனால் மேலே நூறு விழுக்காடு ஏற்றிக்கொண்டு இறங்கத் தொடங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடமிருக்காது. மோட்டார் பிடித்து இழுக்கும் பிரேக் வேலை செய்யாமல் முழுப் பாரமும் சாதாரண பிரேக் மேல் விழும். எண்பத்தைந்தோடு நிறுத்திக்கொண்டு இறங்குங்கள்.

ஒரே கார் உள்ள வீட்டில், ஆறேழு பயணங்களுக்காக இரண்டு மூன்று லட்சம் கூடுதலாகக் கொடுத்துப் பெரிய பேட்டரி வாங்குவதா, அந்த நாட்களுக்கு ரயிலோ வாடகைக் காரோ எடுத்துக்கொண்டு சிறிய பேட்டரியில் இருப்பதா என்பதை ஃபாஸ்டேக் பட்டியலை வைத்து முடிவு செய்யுங்கள். இரண்டு கார் உள்ள வீட்டில் யோசிக்கவே வேண்டாம், ஊருக்குள் அதிகம் ஓடுவதை முதலில் மாற்றுங்கள்.

பேட்டரி, வெயில், வெள்ளம்

இன்று நம் கார்களில் இரண்டு வகை பேட்டரிகள் பரவலாக உள்ளன. எல்எஃப்பி எனப்படும் இரும்பு பாஸ்பேட் வகை வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும், நூறு விழுக்காடு ஏற்றினாலும் பெரிய கேடில்லை, எடை மட்டும் அதிகம். நிக்கல் கலந்த என்எம்சி வகை குறைந்த எடையில் அதிகத் தூரம் தரும், ஆனால் அன்றாடம் எண்பது தொண்ணூறோடு நிறுத்துவது அதன் ஆயுளுக்கு நல்லது. வேலூரிலோ மதுரையிலோ வெயிலில் கார் நிற்கும் என்றால் நான் எல்எஃப்பி பக்கம் சாய்வேன். எந்த வகையானாலும் திரவக் குளிரூட்டல் உள்ளதா என்று கேளுங்கள்.

உத்தரவாதம் பெரும்பாலும் எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று தொடங்குகிறது; சில நிறுவனங்கள் வாழ்நாள் முழுதும் என்று சொல்கின்றன. அந்த வாழ்நாள் முதல் உரிமையாளருடையதா, காருடையதா என்பதை விதிமுறைத் தாளில் படியுங்கள். பேட்டரித் திறன் எத்தனை விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்ற எண்ணும் அதே தாளில்தான் இருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் மூழ்கிய கார்களில் எல்லா வகையும் இருந்தன. மறு ஆண்டு மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். பேட்டரிப் பெட்டி ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் நீர் புகாத தரத்தில் செய்யப்படுகிறது. வெள்ளமோ இரண்டு நாள் நிற்கும். நிலத்தடி நிறுத்தத்தில் நீர் ஏறிய வரலாறு உங்கள் குடியிருப்புக்கு இருந்தால், பேட்டரியையும் நீர்ச்சேதத்தையும் குறிப்பிட்டுச் சொல்லும் கூடுதல் காப்பீடு இல்லாமல் இந்தக் காரை வாங்காதீர்கள். மூழ்கிய காரை இயக்கிப் பார்க்கவோ சார்ஜில் போடவோ கூடாது, இழுத்துச் செல்லத்தான் வேண்டும். 2018இல் கஜா புயலுக்குப் பின் டெல்டாவில் பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருந்ததை நினைவில் வைத்து, நவம்பர், டிசம்பரில் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறங்க விடாமல் பார்த்துக்கொள்வது கடற்கரை மாவட்டத்தாருக்கு நல்ல பழக்கம்.

எப்போது

கணக்கு சரியாக வந்தாலும், இப்போது வைத்திருக்கும் கார் நன்றாக ஓடும்போது அதை விற்றுவிட்டு ஓட வேண்டியதில்லை. ஐந்து வயதான, கடன் முடிந்த, செலவு வைக்காத கார் மாதம் 600 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால் அதை ஓட்டிக்கொண்டே இருங்கள். பேட்டரி விலை இறங்கும்போது கார் விலையும் இறங்குகிறது: 2024 பிப்ரவரியில் டாடா, செல் விலை குறைந்ததைக் காட்டி, நெக்ஸான் மின்சாரக் காரின் விலையை 1,20,000 ரூபாய் வரை குறைத்தது. அதற்கு முந்தைய மாதம் வாங்கியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதற்காக, மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவர் விலை இன்னும் இறங்கட்டும் என்று காத்திருப்பதும் பிழை. அவர் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும், மிச்சம் பிடித்திருக்கக்கூடிய எட்டாயிரம் ரூபாய் பெட்ரோலாகப் போய்க்கொண்டிருக்கிறது.

மாறுவதற்கு இயல்பான தருணங்கள் சில உண்டு. பழைய காருக்கு நான்கு டயரும் கிளட்சும் ஒன்றாக மாற்ற வேண்டிய செலவு வரும் வேளை, பதினைந்தாம் ஆண்டுப் பதிவு புதுப்பிப்பு நெருங்கும் வேளை, வேலை மாறித் தினசரித் தூரம் இரட்டிப்பாகும் வேளை ஆகியவை. ஆடி மாதத்தில் வண்டி வாங்க நம்மில் பலர் தயங்குவதால் அப்போது பேரம் படியும், ஆண்டுக் கடைசியிலும் அப்படியே. நல்ல நாள் பார்க்கிறவர்கள் ஆடியில் பேசி முடித்து ஆவணியில் வண்டியை எடுக்கலாம்.

முடிவெடுக்கும் முன் அரை மணி நேரச் சோதனை ஓட்டத்தோடு நின்றுவிடாமல், ஒருநாள் முழுக்க வாடகைக்கு எடுத்தாவது ஓட்டிப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களைப் பின்னிருக்கையில் அமர்த்துங்கள். தரைக்கடியில் பேட்டரி இருப்பதால் சில கார்களில் கால் வைக்குமிடம் உயர்ந்து, முழங்கால் மேலே தூக்கியபடி உட்கார வேண்டியிருக்கும். ஒரு மணி நேரத்தில் அம்மாவே சொல்லிவிடுவார். மாற்றுச் சக்கரம் இருக்கிறதா என்று பின்கதவைத் திறந்து பாருங்கள், சில மாடல்களில் இல்லை. உங்கள் ஊரிலோ பக்கத்து மாவட்டத் தலைநகரிலோ மின்சாரக் கார் பழுது பார்க்கப் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா என்பதை ஷோரூமில் கேட்காமல் பணிமனைக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

பழைய மின்சாரக் காரும் கவனிக்கத்தக்கது. மறுவிற்பனை விலை வேகமாக இறங்குவது விற்கிறவருக்குத் துன்பம், வாங்குகிறவருக்கு வாய்ப்பு. நிறுவனப் பணிமனையில் பேட்டரி நல அறிக்கை எடுத்து, உத்தரவாதம் உங்கள் பெயருக்கு மாறுமா என்று எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்து இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் இந்த ஆண்டே செய்து வைக்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. வீடு கட்டிக்கொண்டிருந்தாலோ, வெள்ளையடிக்கச் சுவரைத் தட்டினாலோ, போர்டிகோவுக்குத் தரை போட்டாலோ, மீட்டர் பெட்டியிலிருந்து கார் நிற்குமிடத்துக்கு ஒன்றேகால் அங்குலக் குழாய் ஒன்றைப் பதித்து, உள்ளே ஓர் இழுகம்பியையும் விட்டு வையுங்கள். இன்று அதற்குச் சில நூறு ரூபாய்தான். சுவர் முடிந்த பிறகு உடைத்தால் கொத்தனாரும் பெயின்டரும் சேர்ந்து வருவார்கள்.